சந்தனப் பொட்டும் சைக்கிள் பூட்டும்

"பூட்டு திறக்கலைங்க மேடம்."

இதைச் சொல்லும்போது அன்பரசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைக்கிளின் பின்பக்கத்தில் செல்போனைக் காட்டிக்கொண்டிருந்தான். மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டர், மாடு எந்த நேரமும் உதைக்கலாம் என்று தயாராக இருப்பாரே, அந்த மாதிரி.

"ஏன் திறக்கலை?" என்றாள் சாம்பவி. சென்னைக் கம்பெனியின் மேனேஜர். கறுப்புக் கண்ணாடியும் கையில் டேப்லட்டுமாக நின்றாள்.

"ஸ்கேன் பண்ற கட்டம் தெரியலைங்க."

"அதான் ஏன் தெரியலை?"

அன்பரசன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். தேவிப்ரியா சந்தனக் கிண்ணத்தோடு வரிசையின் கடைசி சைக்கிளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டியதும் புது ஸ்டாண்ட். அதில் புது சைக்கிள்கள், பச்சைப் பெயின்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே சீராக நின்றன. ஒவ்வொன்றின் பின் மட்கார்டிலும் ஒரு வெள்ளைச் சதுரம். செல்போனை அதில் காட்டினால் பூட்டு திறக்கும். ஆனால் அந்தச் சதுரம் நெற்றி மாதிரி அகலமாக, வழவழவென்று, 'எனக்கு ஒரு பொட்டு வையேன்' என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தேவிப்ரியா என்றில்லை, திருவண்ணாமலையில் யாராக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள். என்ன, அவள் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டாள். அந்தச் சந்தனத்தில் சின்னதாக ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகமே முடித்திருக்கலாம். நடுவில் குங்குமம் வேறு, எட்டணா அகலத்துக்கு.

"யாரு இவங்களை இதெல்லாம் பண்ணச் சொன்னது?" என்றாள் சாம்பவி.

"புது வண்டி மேடம். பூஜை போடாம எப்படி எடுப்பாங்க?" என்றாள் தேவிப்ரியா. ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. அதை மிதிக்காமல் வளைந்து போன ஒரு டவுன் பஸ், இன்னொரு டவுன் பஸ்ஸை முத்தமிடப் பார்த்தது.

'வலம்' என்பது திட்டத்தின் பெயர். மலையைச் சுற்றி அங்கங்கே ஸ்டாண்ட். ஒரு இடத்தில் சைக்கிளை எடுத்து, ஓட்டிப்போய், இன்னொரு இடத்தில் விட்டுவிடலாம். அன்பரசன் அதற்கு உள்ளூர் சூப்பர்வைசர், தற்காலிகம். தொடக்க நாளில் ஒரு குடும்பம் சிரித்தபடி சைக்கிள் ஓட்டுவது போலப் படம் எடுக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அன்பரசன் ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினான். "எடுத்துட்டுப் போயி, மறுபடி திருப்பித் தரணுமா? அப்புறம் எதுக்கு எடுக்கணும்?" என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்விதான். கடைசியில் அவன் தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்தான். மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள் எழில், மாமனார் தசரதன்.

சாம்பவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"மிஸ்டர் அன்பரசன், தெளிவா சொல்லிடறேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லா ஸ்டாண்டும் காலியாகணும். மேப்ல எல்லாப் புள்ளியும் நகரணும். நகரலைன்னா ஸ்டாண்டைப் பிடுங்கி வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவோம். முதல்ல உங்களைப் பிடுங்கிட்டு."

இந்த வேலை போனால் அன்பரசனுக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான். கீழ்பென்னாத்தூர் கடலை மண்டி.

மண்டி தேவிப்ரியாவின் தம்பி இனியனுடையது. அன்பரசன் அங்கே ஒரு வருஷம் இருந்தான். அந்த ஒரு வருஷத்தில் அவன் பட்ட அவமானத்தை எந்த மாமனும் எந்த மச்சானிடமும் பட்டிருக்க மாட்டான். வேலையே செய்ய விடமாட்டான் இனியன். "மாமா, நீங்க சும்மா உட்காருங்க, அது போதும்" என்று ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டு, கையில் டீயைக் கொடுத்துவிடுவான். அதையும் மீறி அன்பரசன் எத்தனை சீர்திருத்தங்கள் செய்தான்! விதைக்கடலை ஒரு பக்கம், எண்ணெய்க்கடலை ஒரு பக்கம் என்று பாரபட்சமாகக் கிடந்ததை எல்லாம் கலந்து ஒரே அளவு மூட்டையாக்கி அழகாக அடுக்கினான். தூசி பறக்கிறதே என்று மூட்டைகளின் மேல் தினமும் தண்ணீர் தெளித்தான். நாலாம் நாள் சாக்குக்குள்ளிருந்து பச்சைப்பசேல் என்று முளை எட்டிப் பார்த்தது. மண்டிக்குள்ளேயே விவசாயம்! அதற்கு இனியன் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. எடை மேடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் சுவரையே பார்த்தான். பொறாமை.

அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போவதைவிட, இந்த மலையை உருண்டே சுற்றிவிடலாம் என்றிருந்தது அன்பரசனுக்கு.

"ஒரு நிமிஷம் மேடம். துடைச்சிட்டா தெரிஞ்சிரும்" என்று கைக்குட்டையை எடுத்தான்.

"என்னங்க!" தேவிப்ரியா போட்ட கூச்சலில் ஆசிரமத்து மயில் ஒன்று பதில் குரல் கொடுத்தது. "வச்ச பொட்டை அழிக்கிறதா? அதுவும் உங்க கையால? என் நெத்தியில பொட்டு இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"அடியே, உன் நெத்தி வேற, மட்கார்டு வேற!"

"குங்குமம் ஒண்ணுதானேங்க?"

தசரதன் முன்னால் வந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனபின்பும் வீட்டில் யாராவது நின்றால் "உள்ள போ, உள்ள போ" என்பார்.

"மாப்ள, பொட்டை அழிக்கக் கூடாது. ஆனா அபிஷேகம் பண்ணலாம். அபிஷேகத்துல அதுவா கரைஞ்சு போனா தப்பு கெடையாது."

எழில் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஒரு பால் பாக்கெட் வாங்கிவந்தாள். தசரதன் பல்லால் கடித்துத் திறந்தார்.

"மில்க்கா? சார், அது எலக்ட்ரானிக் லாக்!" என்று சாம்பவி அலறினாள்.

"கல்லுக்கே ஊத்துறோம், இதுக்கு ஊத்த மாட்டமா?" என்று தசரதன் நிதானமாகப் பாலை ஊற்றினார். சந்தனம் கரைந்து ஓடியது. சதுரம் பளிச்சென்று தெரிந்தது. அன்பரசன் செல்போனைக் காட்டினான்.

"பீப்" என்றது சைக்கிள். பூட்டு திறந்தது.

"உத்தரவு ஆயிருச்சு!" என்று தசரதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மீதிச் சைக்கிள்களுக்குப் பால் இல்லை. டீக்கடைக்காரர் இருந்த பாலை எல்லாம் காபியாக்கிவிட்டிருந்தார். அக்கம்பக்கத்து ஓட்டல்களில் கேட்டால் வெள்ளைக்காரர்கள் குடிக்கும் பாதாம் பாலும் ஓட்ஸ் பாலும்தான் இருந்தன. அவற்றில் அபிஷேகம் செய்யலாமா என்பதற்குத் தசரதனிடம் விதி இல்லை.

ஆகவே ஒரே சைக்கிளை நாலு பேரும் நாலு பக்கம் பிடித்துக்கொள்ள, குடும்பம் சிரித்தது. தேர் வடம் பிடிக்கிற மாதிரி இருந்தது படம். "கொஞ்ச தூரம் போயிட்டு வந்து ஸ்டாண்ட்ல விட்டுடுங்க. மத்த சைக்கிளையும் ஏதாவது பண்ணி வெளியே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, சாம்பவி டேப்லட்டோடு எதிர் மாடியில் இருந்த காபிக் கடைக்கு ஏறிப் போனாள்.

தசரதன் சைக்கிளுக்கு மாலை போட்டு, அதன் முன்னால் சூடம் ஏற்றினார். எல்லோருடைய செருப்பையும் கழற்றச் சொன்னார். பிறகு யாரையோ போனில் கூப்பிட்டு, "ம்ம்... சூடம் ஏத்தியாச்சு. கிளம்பிட்டோம். நீயும் வந்துரு. வெறுங்கால்ல வா" என்றார். பழைய டிரைவர் சிநேகிதர் யாராவது இருக்கும் என்று அன்பரசன் நினைத்துக்கொண்டான்.

"ரைட், போலாம்" என்றார் தசரதன்.

ஒரு வளைவு தாண்டியதும் அன்பரசன் நின்றான். "போதும் மாமா. திரும்பிடலாம்."

"திரும்பறதா?" தசரதன் ஹேண்டில்பாரைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். "மாப்ள, சூடம் ஏத்திக் கிளம்பியாச்சு. இது கிரிவலம். மலையை வலப்பக்கம் வச்சுதான் போவணும். திரும்பினா இடப்பக்கம் வந்துரும். நம்ம குடும்பத்துல ஒருத்தர் அப்படிப் பண்ணதில்ல."

"மாமா, இதோ எதிர்ல ஆட்டோ வருது, மாடு வருது, ஸ்கூல் வேன் வருது. எல்லாம் அந்தப் பக்கம்தானே போகுது?"

"அவங்கள்லாம் சூடம் ஏத்திட்டா கிளம்புனாங்க?"

அன்பரசன் மனைவியைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன்."

தேவிப்ரியாவின் கண்கள் கலங்கியிருந்தன. "பாதியில விட்டா பலிக்காதுங்க. உங்க வேலை நிலைக்கணும்னு நான் எத்தனை நாளா வேண்டிக்கிட்டிருக்கேன் தெரியுமா? தயவுசெஞ்சு முழுசா சுத்திடலாம்."

அன்பரசனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், தனக்கு உத்தியோகம் நிலைக்க வேண்டும் என்று இவள் இப்படி உருகியதே இல்லை. சரி, திரும்ப வேண்டாம். முன்னால் அடி அண்ணாமலையில் அடுத்த ஸ்டாண்ட் இருக்கிறது. அங்கே விட்டுவிடலாம். சீக்கிரம் போய்விடலாம் என்று பெடலில் காலை வைத்தான்.

"எறங்குங்க மாப்ள!"

"இப்ப என்ன மாமா?"

"கிரிவலம் காலால சுத்தறது. குந்திகினு போறதுக்குப் பேரு டூரு."

ஆக, ஓட்டுவதற்காக வந்த சைக்கிளை அன்பரசன் தள்ளிக்கொண்டு நடந்தான். அக்கம்பக்கத்தில் மனைவியும் மகளும் கைகூப்பியபடி வர, பின்னால் மாமனார் விசில் இல்லாத குறையாக வந்தார். வெயில் ஏறியது. கிரிவலப் பாதைத் தார், தோசைக்கல் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. அன்பரசனின் பாதத்தில் எண்ணெய் தடவியிருந்தால் ஊத்தப்பமே வார்த்திருக்கலாம்.

போன் அடித்தது. சாம்பவி.

"மிஸ்டர் அன்பரசன், உங்க புள்ளி ரொம்ப மெதுவா நகருதே? சைக்கிள் ஸ்பீடே இல்லையே?"

"பக்தியோட ஓட்டுறோம் மேடம்."

"மத்த புள்ளி எதுவுமே நகரலை. ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. மதியத்துக்குள்ள ஏதாவது நடக்கணும்."

"நடந்துகிட்டுதான் மேடம் இருக்கு" என்றான் அன்பரசன். அதைவிடப் பெரிய உண்மையை அவன் வாழ்நாளில் பேசியதில்லை.

"என்ன சொல்றாங்க மேடம்? வேலை நிலைக்குமா?" என்று தேவிப்ரியா பதறினாள்.

"சாயங்காலம்தான் தெரியும்."

"ஐயோ, அப்ப இன்னும் வேகமா வேண்டிக்கணும்" என்று அவள் உதட்டை அசைக்க ஆரம்பித்தாள்.

அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் மணியம்மாள் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். அந்தப் பாதையில் அவள் பார்க்காத வேண்டுதல் இல்லை. அங்கப்பிரதட்சிணம் பார்த்திருக்கிறாள். அடிமேல் அடி வைத்துச் சுற்றியவரைப் பார்த்திருக்கிறாள். ஆனால் நல்ல நிலையில் இருக்கிற புது சைக்கிளை, மாலை போட்டு, ஏறாமல், வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு ஒரு குடும்பமே வேண்டிக்கொண்டே வருவதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இன்னாபா, பஞ்சரா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் தள்ளிகினு வர்ற? வேண்டுதலா?"

அன்பரசன் முழுக் கதையையும் சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்கு வறண்டிருந்தது. மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "ஆமாம்மா" என்றான்.

"எதுக்கு?"

"வேலைக்கு."

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குமேல் அந்தச் சொல் அன்பரசன் கையில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்தினால் மலையை மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சம் பேர் செங்கம் வரைக்கும் நிற்பார்கள். அவர்களுடைய அம்மாக்களில் பாதிப் பேர் மணியம்மாளிடம் மோர் குடிப்பவர்கள். மணியம்மாள் போனை எடுத்தாள்.

அடுத்த வளைவுக்குள் விஷயம், 'சைக்கிளைத் தள்ளினால் வேலை கிடைக்கும்' என்றானது. அதற்கடுத்த வளைவில், 'தள்ளினவனுக்குக் கிடைத்தேவிட்டது' என்றானது. மூன்றாவது வளைவில் அது அரசாங்க வேலையாகி, நாலாவதில் கனடாவுக்கே போய்விட்டது.

அடி அண்ணாமலை ஸ்டாண்டை நெருங்கியபோது அன்பரசன் திகைத்து நின்றான். ஸ்டாண்டைச் சுற்றிக் கூட்டம். உள்ளே ஒருவர் சைக்கிளின் பின்பக்கத்தில் குடம் பாலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இந்த ஸ்டாண்டு சைக்கிள்களில் பொட்டே கிடையாது. சும்மாவே திறக்கும். ஆனால் ரமணாசிரமத்து டீக்கடைக்காரர் பார்த்ததைப் பார்த்தபடி போனில் சொல்லியிருந்த முறை என்று ஒன்று இருக்கிறதே! ஆகவே முதலில் கட்டத்தில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கட்டத்தை முழுக்க மறைத்து, அதன்பிறகு பாலூற்றிக் கரைத்து, போனைக் காட்டினார்கள்.

"பீப்!"

"உத்தரவு கெடைச்சிருச்சுடா! தள்ளு, தள்ளு!"

ஒரு பையனுக்கு மட்டும் பீப் வரவில்லை. "டேய், நீ அரியர் வச்சிருக்க இல்ல? அதான்" என்றார் அவனுடைய அப்பா. பன்னீர் ஊற்றிய பிறகு அவனுக்கும் வந்தது.

அன்பரசன் தன் சைக்கிளை ஸ்டாண்டில் விடப் போனான். கூட்டம் விடவில்லை. "இவருதான்! இவருதான் முதல்ல ஆரம்பிச்சவரு!" யாரோ ஹேண்டில்பாரில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். யாரோ காரியரில் தேங்காய் வைத்தார்கள். ஒரு அம்மாள் பெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சுத்தி முடிக்காம விடக் கூடாது சாமி" என்றாள். காலையில் சூப்பர்வைசராக இருந்தவன் மதியத்துக்குள் சாமியாகிவிட்டான். இந்த ஊரில் இதைவிடக் குறைந்த நேரத்தில் ஆனவர்களும் உண்டு.

போன் அடித்தது. சாம்பவியின் குரல் தேனாக வழிந்தது.

"அன்பரசன் சார்! சூப்பர் சார்! ரமணாசிரமம் ஸ்டாண்ட் காலி! அடி அண்ணாமலை காலி! அந்தப் பக்கம் குபேர லிங்கமும் காலி! எல்லாப் புள்ளியும் நகருது!"

"அப்படிங்களா மேடம்?" மிஸ்டர், சார் ஆனதைக் கவனித்து அன்பரசன் நிமிர்ந்தான்.

"வீடியோகிராபரோட கார்ல கிளம்பிட்டேன். எல்லாரும் ஓட்டறதை அப்படியே ஷூட் பண்ணி ஹெட் ஆபீஸுக்கு லைவ்வா காட்டணும். பத்து நிமிஷம்!"

அன்பரசன் நிமிர்ந்த வேகத்திலேயே குனிந்தான். ஓட்டறதையா? சுற்றிலும் பார்த்தான். பாதை நெடுகப் பச்சைச் சைக்கிள்கள். ஒன்றின் மேலும் ஒரு மனிதன் இல்லை. எல்லாம், கோயில் மாடு மாதிரி, மாலை போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆள் நடக்க, சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஐயா, அம்மா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க!" என்று கத்தினான். "ஒரே ஒரு நிமிஷம் ஏறி ஓட்டுங்க. ஒரு கார் போற வரைக்கும். அப்புறம் எறங்கிடலாம்!"

கூட்டம் அவனைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"ஏறினா வேண்டுதல் கெட்டுடாது?"

"எம் பையனுக்கு வேலை கிடைச்சா உனக்குப் பிடிக்கலையா?"

"தன் காரியம் ஆனதும் மத்தவனைக் கெடுக்கப் பாக்கறான்யா!"

"எழில், கண்ணு, நீயாவது ஏறு. அப்பாவுக்காக" என்று மகளிடம் கெஞ்சினான்.

"சாரிப்பா. நான் உங்களுக்காகத்தான் ஏறாம வரேன்" என்றாள் எழில், தாத்தாவைப் பார்த்துக்கொண்டே.

தூரத்தில் காரின் ஹாரன் கேட்டது. அன்பரசனுக்குக் கண்முன்னால் அந்த நாற்காலி தெரிந்தது. ஃபேன் தெரிந்தது. ஆறிப்போன டீ தெரிந்தது. 'மாமா, நீங்க சும்மா உட்காருங்க' என்ற குரல் காதில் ஒலித்தது. ஒரே தாவாகத் தாவிச் சைக்கிளில் ஏறிவிட்டான்.

"ஐயையோ!" என்று தேவிப்ரியா வீறிட்டாள். "இறங்குங்க! எல்லாம் போச்சு! தம்பி குடும்பமே—" என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிடிங்கடா மாப்ளயை!" என்று தசரதன் முழங்கினார். நாலு இன்ஜினியர்கள் பாய்ந்து சைக்கிளைப் பிடித்தார்கள். அன்பரசன் சீட்டைக் கட்டிக்கொண்டான். இவர்கள் கீழே இழுக்க, அவன் மேலே தொத்த, காரியரில் இருந்த தேங்காய் உருண்டு ஓட, சமரசம் செய்ய வந்தவள் மணியம்மாள். வியாபாரம் இங்கேதான் ஜாஸ்தி என்று மோர்ப் பானையோடு கூடவே வந்திருந்தாள்.

"ஏம்பா, எதுக்கு இழுத்துகினு கெடக்கறீங்க? சக்கரம் தரையில உருண்டாதானே ஓட்டுனதா கணக்கு? தரையில படாம தூக்கிக்குங்க. சாமி வாகனத்துல வர்றதில்லையா? அவரு பாட்டுக்கு மேல மிதிக்கட்டும்."

தசரதன் யோசித்தார். முப்பது வருஷ சர்வீஸில், ஓடாத வண்டியில் பயணம் செய்ததாக யார் மீதும் அவர் குற்றம் சாட்டியதில்லை. "சட்டத்துல இடம் இருக்கு" என்றார்.

ஆகவே சாம்பவியின் கார் வளைவில் திரும்பியபோது அவள் கண்ட காட்சி இதுதான். நாலு பேர் தோளில் ஒரு பச்சைச் சைக்கிள். அதன் மேல் அன்பரசன், கழுத்தில் மாலை, முழு வேகத்தில் காற்றை மிதித்துக்கொண்டிருக்கிறான். பின்சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது. ஓர் அங்குலம் நகரவில்லை. சுற்றிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜனங்கள் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்கிறார்கள். ஒருவர் சைக்கிள் பெல்லை ஆலயமணி மாதிரி அடிக்கிறார். பக்கத்தில் ஒரு கிழவி மோர் ஊற்றுகிறாள்.

சாம்பவி காரிலிருந்து இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

முடிந்தது என்று அன்பரசன் மிதிப்பதை நிறுத்தினான். சக்கரம் மட்டும் வெட்கமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றியது.

"இது... என்ன?" என்றாள் சாம்பவி.

"வலம், மேடம்" என்றான் அவன் மேலிருந்தபடி.

அவள் கையிலிருந்த டேப்லட்டுக்குள்ளிருந்து ஹெட் ஆபீஸ் குரல் ஒன்று வந்தது. எல்லாவற்றையும் அதுவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. "சாம்பவி! ஒரு சைக்கிளுக்கு ஒரு ஆள் வந்தாலே ஜாஸ்தின்னு நினைச்சோம். அங்க ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஏழெட்டுப் பேர் இருக்காங்களே! யாரும் ஏறாததால டயர் தேயலை, செயின் தேயலை, பிரேக் தேயலை. ரிப்பேர் செலவே வராது! மத்த ஊர்ல ஓட்டியே உடைச்சிட்டாங்க. யாரு இந்த ஐடியா?"

சாம்பவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, உண்மையை வேறு வழியில்லாமல் சொன்னாள். "லோக்கல் சூப்பர்வைசர் சார். மேல இருக்கார் பாருங்க."

"நிரந்தரம் பண்ணுங்க அந்த ஆளை!"

அன்பரசன் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. இறக்கப்பட்டான். தேவிப்ரியா அங்கேயே மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். தசரதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழில் தாத்தாவின் கையைக் குலுக்கினாள். தன் மேல் இத்தனை பிரியமா இந்தக் குடும்பத்துக்கு என்று அன்பரசன் பூரித்துப்போனான். இனி அந்த மண்டி வாசலை மிதிக்க வேண்டியதில்லை. இனி எந்த மச்சான் போடும் நாற்காலியும் வேண்டாம். மீதிச் சுற்றை நெஞ்சை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு நடந்தான். வெயில் கூடக் குளுகுளுவென்று இருந்தது.

ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போது, முன்னால் ஓர் ஆள் பச்சைச் சைக்கிளை இழுக்க மாட்டாமல் தள்ளிக்கொண்டு, நொண்டி நொண்டிப் போவது தெரிந்தது. வேட்டி முழங்காலுக்கு மேல். வெறுங்கால். முதுகுச் சட்டை வேர்வையில் ஒட்டி, அதில் கடலைத் தொலி. எங்கேயோ பார்த்த முதுகு.

"டேய், இனியன்!"

திரும்பினான். இனியனேதான். கீழ்பென்னாத்தூர் கடலை மண்டி முதலாளி. நாலு லாரி நிற்கும் வாசலை விட்டுவிட்டு, நட்ட நடு மதியத்தில், உதடு வறண்டு, கால் பழுத்து.

அன்பரசனுக்கு மனசு இளகியது. வெற்றி பெற்றவனுக்கு வரும் பெருந்தன்மை. அருகே போய் மச்சான் தோளில் கைபோட்டான்.

"உனக்கென்னடா மச்சான் குறை? மண்டி நல்லாத்தானே ஓடுது? நீ எதுக்கு இந்த வெயில்ல வேண்டுதல் பண்ணிகிட்டு இருக்க?"

இனியன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க மறுபடியும் மண்டிக்கு வந்துடக் கூடாதுன்னுதான், மாமா. அக்கா, அப்பா, எழிலு எல்லாரும் காலையிலேர்ந்து அதுக்குத்தானே உங்ககூட சுத்துறாங்க, யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"